பழைய கம்ப்யூட்டர், புதிய 4கே திரைகள்: ஒரு குழாய்க் கணக்கு

போன ஆனிச் சாரலில் ஒரு நாள் குமுளியிலிருந்து மாமா போன் செய்தார். "மாப்ள, ரெண்டு பெரிய மானிட்டர் வாங்கிட்டேன். 27 இஞ்சு, 4கே. மாட்டிப் பாத்தா ரெண்டுலயும் ஒரே படம் வருதுடா. எழுத்தும் தெளிவா இல்ல. ஒரு எட்டு வந்துட்டுப் போ."

கம்பத்தில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் மாமா கடை. ஏலக்காய் வாங்கி விற்கிற சின்னக் கடைதான். புத்தடியிலோ போடியிலோ மின்னணு ஏலம் முடிந்து அவர் வந்து உட்காரும்போதுதான் கம்ப்யூட்டருக்கு உயிர் வரும். எந்த லாட், எத்தனை கிலோ, என்ன விலை என்று ஒரு பெரிய அட்டவணை. பக்கத்தில் கணக்கு மென்பொருள். சரக்கு எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் இறங்க வேண்டுமென்றால் இ-வே பில் என்ற மின்னணுச் சரக்குச் சீட்டு வேறு. 50,000 ரூபாய்க்கு மேல் போனால் அது கட்டாயம், ஒரு மூட்டை ஏலக்காயே அந்தத் தொகையைத் தாண்டிவிடும். இத்தனையையும் ஒரே 19 இஞ்சுத் திரையில் மாற்றி மாற்றித் திறந்து பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டிருந்தார். ஆகவே இரண்டு பெரிய திரை என்ற ஆசையில் தப்பே இல்லை. கம்ப்யூட்டர் மட்டும் 2014-இல் வாங்கியது.

நான் போனபோது கணக்கு எழுதும் சேச்சி இரண்டு திரைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். "ரண்டிலும் ஒண்ணு தன்னெயாணல்லோ," என்றார். பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். கம்ப்யூட்டரின் ஒரே எச்.டி.எம்.ஐ. துளையில் ஒரு கேபிள். அது ஒரு சின்னக் கறுப்பு டப்பாவுக்குள் போகிறது. அதிலிருந்து இரண்டு கேபிள்கள் புறப்பட்டு ஆளுக்கொரு திரைக்குப் போகின்றன. அந்த டப்பாவின் பெயர் ஸ்ப்ளிட்டர். எந்தக் கடை என்று கேட்க வேண்டாம், "இதப் போட்டா ரெண்டு திரையும் ஓடும்" என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். ஓடத்தான் செய்கிறது. வருகிற ஒரு படத்தை நகல் எடுத்து இரண்டு பக்கமும் தள்ளுவதுதான் அதன் வேலை. கல்யாண மண்டபத்தில் மேடைக் காட்சியைப் பந்தி நடக்கும் இடத்திலும் காட்ட அது போதும். இரண்டு திரையில் இரண்டு வேலை பார்க்க உதவாது. அதற்குக் கம்ப்யூட்டரே இரண்டு தனித்தனிப் படங்களை வரைந்து, இரண்டு தனி வழிகளில் அனுப்ப வேண்டும்.

சரி, தனித்தனி வழி இருந்தால் போதுமா? அங்கேதான் 4கே என்ற சொல் குறுக்கே வருகிறது.

லோயர் கேம்ப்பைத் தாண்டிக் குமுளி மலைப்பாதையில் ஏறியவர்கள் அந்த ராட்சதக் குழாய்களைப் பார்த்திருப்பீர்கள். மேலே தேக்கடியில் ஏரி நிறையத் தண்ணீர் கிடக்கிறது. ஆனால் ஒரு நொடியில் மின்நிலையத்துக்கு இறங்குவது அந்தக் குழாய் கொள்கிற அளவுதான். கம்ப்யூட்டரின் பின்பக்கத் துளைகளும் இப்படிப்பட்ட குழாய்களே. உள்ளே மூளையாக இருக்கும் பிராசசர் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும், ஒரு நொடியில் எவ்வளவு படம் வெளியே வரலாம் என்பதைத் துளையின் வகைதான் முடிவு செய்கிறது.

அந்த அளவை நாமே கணக்குப் போட்டுவிடலாம், கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும். திரையில் இருப்பவை எல்லாம் புள்ளிகள். சாதாரண முழு எச்.டி. திரையில் அகலத்துக்கு 1,920, உயரத்துக்கு 1,080, ஆக மொத்தம் 20,73,600 புள்ளிகள். 4கே திரையில் 3,840-க்கு 2,160. அதாவது 82,94,400. சரியாக நான்கு மடங்கு. ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் சொல்ல 24 பிட், அதாவது 24 சுழி-ஒன்றுகள், வேண்டும். படம் நொடிக்கு 60 தடவை புதுப்பிக்கப்படும், இதைத்தான் 60 ஹெர்ட்ஸ் என்கிறார்கள். எல்லாவற்றையும் பெருக்கினால் நொடிக்கு ஏறக்குறைய 1,194 கோடி பிட். இதோடு முடியவில்லை. ஒவ்வொரு வரி முடிவிலும், ஒவ்வொரு படத்தின் முடிவிலும் ஒரு சின்ன இடைவெளி விடுவது பழைய குண்டு டிவி காலத்திலிருந்து தொடரும் வழக்கம். அந்தக் காலி இடத்துக்கும் நேரம் ஒதுக்க வேண்டும். அதையும் சேர்த்தால் வழக்கமான 4கே கணக்கு 1,426 கோடி பிட்டுக்கு வந்து நிற்கிறது.

இப்போது குழாயை அளப்போம். மாமாவின் கம்ப்யூட்டரில் இருக்கும் எச்.டி.எம்.ஐ. 1.4 என்ற வகை 2009-இல் வந்தது. நொடிக்கு 1,020 கோடி பிட் என்று சொல்வார்கள். நகைக் கடையில் சேதாரம் கழிப்பதுபோல இதிலும் ஒரு கழிவு உண்டு. அனுப்பும் 10 பிட்டில் 8 மட்டுமே படம், மீதி 2 தகவலைப் பத்திரமாகக் கொண்டுசேர்க்கும் செலவு. கழித்துப் பார்த்தால் கையில் நிற்பது 816 கோடி. 1,426 கோடி அதற்குள் எப்படிப் போகும்? போகாது. அப்போது கம்ப்யூட்டர் என்ன செய்கிறது என்றால், சத்தமே இல்லாமல் 60 தடவையை 30 ஆகக் குறைத்துக்கொள்கிறது. பாதிக்குப் பாதி 713 கோடி, அது உள்ளே போய்விடும். சில கம்ப்யூட்டர்களில் 24-க்குக்கூட இறங்கும். அல்லது புள்ளிகளைக் குறைத்து முழு எச்.டி. படத்தையே அனுப்பி, திரையை இழுத்து நிரப்பிக்கொள்ளச் சொல்லும். மாமா கடையில் நடந்தது இந்தக் கடைசி வழிதான். எழுத்து மங்கலாகத் தெரிந்தது அதனால்தான்.

நொடிக்கு 30 என்றால் படம் தெரியுமே, அதிலென்ன என்று கேட்கலாம். சினிமா 24-இல்தானே ஓடுகிறது! ஆனால் கம்ப்யூட்டரில் நம் கை மவுஸின் மேல் இருக்கிறது. கை நகர்ந்த பிறகு அம்புக்குறி ஒரு கணம் தாமதித்துப் பின்னால் வரும். நடவு வயலில் கால் வைத்து எடுப்பது போல இருக்கும். ஒரு நாள் சகிக்கலாம். தினம் எட்டு மணி நேரம் கணக்கு எழுதுபவருக்கு அது தண்டனை.

மற்ற துளைகளையும் பார்த்துவிடுவோம். நீல நிறத்தில் 15 ஊசித் துளைகளோடு இருப்பது வி.ஜி.ஏ., 1987-இல் ஐ.பி.எம். கொண்டுவந்தது. இன்றும் வேலை செய்கிறது, அந்த ஆயுசுக்கு ஒரு கும்பிடு. ஆனால் 4கே திரைக்கு அதை நினைக்கவே வேண்டாம், புதிய திரைகள் பலவற்றில் அந்தத் துளையே கிடையாது. அடுத்து வெள்ளையாக அகலமாக இருப்பது டி.வி.ஐ., 1999-ஆம் ஆண்டுச் சரக்கு. அதில் ஒற்றை, இரட்டை என்று இரண்டு வகை. ஒற்றை 1,920-க்கு 1,200 வரைதான். இரட்டை 2,560-க்கு 1,600 வரை போகும். இதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. பல பழைய மதர்போர்டுகளில், அதாவது கம்ப்யூட்டரின் எல்லாப் பாகங்களும் உட்காரும் தாய்ப்பலகைகளில், துளையைப் பார்த்தால் இரட்டைக்குரிய 24 ஓட்டைகளும் இருக்கும், உள்ளே ஓடுவதோ ஒற்றைதான். நான்காவது, டிஸ்ப்ளேபோர்ட். எச்.டி.எம்.ஐ. போலவே இருக்கும், ஆனால் ஒரு மூலை மட்டும் சரிவாக வெட்டியிருக்கும். பழைய கம்ப்யூட்டரில் இது இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். 2010 வாக்கில் வந்த 1.2 வகையிலேயே கழிவு போக 1,728 கோடி பிட் போகும். 4கே, 60 ஹெர்ட்ஸ் தாராளமாக நுழையும். எச்.டி.எம்.ஐ. அந்த இடத்துக்கு வர 2013 வரை, அதாவது 2.0 வகை வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மாமா கம்ப்யூட்டரின் முதுகில் வி.ஜி.ஏ. ஒன்று, டி.வி.ஐ. ஒன்று, எச்.டி.எம்.ஐ. ஒன்று. "மூணு ஓட்டை இருக்குல்ல, மூணு திரை மாட்டலாம்ல?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் ஓட்டையின் எண்ணிக்கையும் ஒரே நேரத்தில் ஓடக்கூடிய திரைகளின் எண்ணிக்கையும் ஒன்றல்ல. இன்டெலின் இரண்டாம் தலைமுறை வரை, பிராசசரோடு வரும் கிராபிக்ஸ், அதாவது படம் வரையும் பகுதி, இரண்டு திரைக்கு மேல் ஓட்டாது. 2012-இல் வந்த மூன்றாம் தலைமுறையிலிருந்துதான் மூன்று. மாமாவுடையது நான்காம் தலைமுறை ஐ5, கணக்குப்படி மூன்று ஓட வேண்டும். சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்து மதர்போர்டின் பெயரைப் பார்த்தேன், எச்81. அது விலை மலிவுக்காகச் செய்த சிப்செட், அதாவது பலகையின் திறனை முடிவு செய்யும் சில்லு. அதில் இரண்டுக்கு மேல் கிடையாது. கம்ப்யூட்டர் வாங்கும்போது பிராசசரின் பெயரை மட்டும் கேட்டுவிட்டு மதர்போர்டைக் கேட்காமல் விட்டால் பத்து வருடம் கழித்து இப்படி வந்து நிற்கும்.

ஆக, இருக்கிற துளைகளால் ஆகாது. "அப்போ புதுக் கம்ப்யூட்டர்தானா?" என்று மாமா முகத்தைத் தொங்கப்போட்டார். வேண்டியதில்லை. கணக்கு எழுதவும் அட்டவணை பார்க்கவும் அந்த ஐ5 இன்னும் தெம்பாகவே இருக்கிறது. குழாய்தான் சின்னது. குழாயை மட்டும் மாற்றலாம், அதற்குப் பெயர் கிராபிக்ஸ் கார்டு. மதர்போர்டில் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் என்று ஒரு நீளமான ஸ்லாட் காலியாகக் கிடக்கும், அதில் செருகுவது. ஸ்லாட் பழைய தலைமுறையாக இருந்தாலும் புதிய கார்டு பெரும்பாலும் அதில் ஓடும், வேகம் கொஞ்சம் குறையும். நமக்கு அந்த வேகம் தேவையே இல்லை.

கார்டு வாங்கும்போது எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை ஜி.பி.?" என்பதுதான். விளையாட்டுக்காரர்களுக்குச் சரி. திரை மாட்ட மட்டும் என்றால் அது கிட்டத்தட்டத் தேவையில்லாத கேள்வி. ஒரு முழு 4கே படத்தை நினைவகத்தில் வைக்க 33 எம்.பி. போதும். இரண்டு திரைக்கும், விண்டோஸ் எடுத்துக்கொள்வதற்கும் சேர்த்து 2 ஜி.பி. இருந்தால் காலை நீட்டிப் படுக்கலாம். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. என்ன துளைகள் இருக்கின்றன, எந்த வகை, எத்தனை திரை ஒரே நேரத்தில், ஒவ்வொன்றிலும் 60 ஹெர்ட்ஸ் வருமா?

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், "4கே சப்போர்ட்" என்று பெட்டியில் எழுதியிருப்பதை நம்பி மோசம் போனவன் நான். வேறொரு வீட்டுக்கு மலிவாக ஒன்று வாங்கி மாட்டினேன், வந்தது 30 ஹெர்ட்ஸ். எழுதியிருந்தது பொய்யில்லை, 30-உம் 4கே-தான். என்விடியாவின் ஜி.டி. 710, ஜி.டி. 730 போன்ற, கடைகளில் எளிதாகக் கிடைக்கும் கார்டுகளின் எச்.டி.எம்.ஐ. துளை 1.4 வகையைச் சேர்ந்தது. மதர்போர்டில் இருந்த அதே குழாயைக் காசு கொடுத்து இன்னொன்று வாங்குவதாகும். ஜி.டி. 1030-இல் எச்.டி.எம்.ஐ. 2.0 உண்டு, ஆனால் பல மாடல்களில் இரண்டாவது துளை டி.வி.ஐ.-யாக இருக்கும். ஒரு 4கே திரைக்கு நல்லது, இரண்டுக்கு உதவாது. டிஸ்ப்ளேபோர்ட்டோடு வரும் மாடலா என்று பார்த்து வாங்க வேண்டும்.

எனக்குப் பிடித்த வழி, அலுவலகக் கம்ப்யூட்டர்களிலிருந்து கழற்றி விற்கப்படும், அதே என்விடியாவின் பழைய குவாட்ரோ கார்டுகள். விளையாட்டுக்காரர்கள் இவற்றைச் சீண்டுவதில்லை, அதனால் விலையும் ஏறுவதில்லை. பி400-இல் மூன்று குட்டி டிஸ்ப்ளேபோர்ட், பி620-இல் நான்கு. எல்லாமே 4கே, 60 ஹெர்ட்ஸ். மின்சாரமும் பி400-க்கு 30 வாட், பி620-க்கு 40 வாட் அளவுதான். ஸ்லாட்டே 75 வாட் வரை கொடுக்கும் என்பதால் பவர் சப்ளையிலிருந்து தனி வயர் இழுக்க வேண்டாம். பத்து வருடம் உழைத்த பவர் சப்ளை உள்ள கம்ப்யூட்டருக்கு இது பெரிய நிம்மதி. மாமாவுக்காகச் சென்னை ரிச்சி தெருவில் ஒரு நண்பர் மூலம் பி620 ஒன்று வரவழைத்தேன்.

இதற்கிடையில் வேறு வழிகளும் காதில் விழும். யு.எஸ்.பி.-யிலிருந்து திரை ஓட்டும் டிஸ்ப்ளேலிங்க் டப்பா ஒன்று. படத்தைச் சுருக்கி யு.எஸ்.பி. வழியே அனுப்புகிற வேலை பிராசசரின் தலையில் விழும். பில் பார்க்கலாம், வீடியோ ஓடினால் பழைய பிராசசர் மூச்சு வாங்கும். யு.எஸ்.பி. 3.0 துளையும் வேண்டும், உள்ளே நீலமாக இருப்பது. இன்னொன்று, ஒரே டிஸ்ப்ளேபோர்ட்டை இரண்டு மூன்றாகப் பிரிக்கும் எம்.எஸ்.டி. ஹப். இது ஸ்ப்ளிட்டர் மாதிரி நகல் எடுக்காது, நிஜமாகவே தனித்தனிப் படம் அனுப்பும். ஆனால் குழாய் ஒன்றுதானே? 1.2 வகையின் 1,728 கோடிக்குள் இரண்டு முழு எச்.டி. திரை சுகமாகப் போகும், 60 ஹெர்ட்ஸில் இரண்டு 4கே போகாது.

கேபிள் பற்றிக் கொஞ்சம். குட்டி டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து பெரிய டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு நேர்க் கேபிள் வாங்குவதுதான் உத்தமம். திரையில் எச்.டி.எம்.ஐ. மட்டும் இருந்தால் மாற்றி வேண்டும். மலிவான மாற்றிகள் 30 ஹெர்ட்ஸிலோ, அதற்கும் கீழே முழு எச்.டி.-யிலோ நின்றுவிடும். உள்ளே சிப் வைத்த, ஆக்டிவ் என்று எழுதிய, எச்.டி.எம்.ஐ. 2.0 மாற்றியாகக் கேட்டு வாங்குங்கள். இந்த மாற்றிகள் ஒருவழிப் பாதை என்பதும் நினைவிருக்கட்டும். டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்.டி.எம்.ஐ.-க்குப் போகும் கேபிளைத் திருப்பி மாட்டினால் படம் வராது.

கார்டு மாட்டிய நாள் வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடித்து, உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரத்தைத் தீர்த்தேன். பக்கத் தகட்டைக் கழற்றியதும் ஏலக்காய் வாசனை குப்பென்று அடித்தது. பத்து வருடத் தூசி, அதில் நடுநடுவே ஏலக்காய்த் தோல் துணுக்குகள். அதை ஊதி, பிரஷ்ஷால் தட்டி எடுக்கவே அரை மணி நேரம். கேபினட்டின் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டுக் கார்டைக் கையில் எடுத்தேன், உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் கார்டுக்குப் போகாமல் இருக்க. அதன் பொன்னிறக் கால்களில் லேசாகக் கறுப்பு படிந்திருந்தது. மாமா பையனின் பென்சில் ரப்பரை வாங்கி மெதுவாகத் தேய்த்ததும் பளிச்சென்றாகிவிட்டது.

அப்புறம்தான் வந்தது வினை. கார்டின் முனையில் கேபினட்டோடு திருகிப் பொருத்தும் தகடு பாதி உயரத்துக்கு இருந்தது. அலுவலகங்களில் இருப்பவை ஒல்லிக் கம்ப்யூட்டர்கள், அவற்றுக்கான தகடு அது. மாமாவுடையது சாதாரண உயரக் கேபினட். கார்டு ஸ்லாட்டில் உட்காரும், ஆனால் திருக வழியில்லை, கேபிளை இழுத்தால் ஆடும். முழு உயரத் தகடும் சேர்த்து வேண்டும் என்று முதலிலேயே கேட்டிருக்க வேண்டும், மறந்துவிட்டேன். தகடு தனியாக வந்துசேர நான்கு நாள். அதுவரை சேச்சி பழைய 19 இஞ்சிலேயே முணுமுணுத்துக்கொண்டு வேலை பார்த்தார்.

தகடு வந்தபின் வேலை சுலபம். ஸ்லாட்டின் மேல் "டக்" என்று சத்தம் வரும்வரை அழுத்தி, திருகி, இரண்டு கேபிளையும் கார்டிலேயே மாட்டினேன். இதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். கார்டு போட்ட பிறகும் பழக்க தோஷத்தில் கேபிளை மதர்போர்டின் துளையிலேயே செருகிவிட்டு, திரை கறுப்பாக இருக்கிறதே என்று பயப்படுவார்கள். பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் கார்டு உட்கார்ந்ததும் மதர்போர்டின் துளைகள் தாமாகவே தூங்கிவிடும்.

கார்டை விண்டோஸுக்கு அறிமுகப்படுத்தும் டிரைவர் மென்பொருளை நிறுவியதும் இரண்டு திரையும் விழித்தன. விண்டோஸ் பொத்தானையும் பி எழுத்தையும் சேர்த்து அழுத்தி, நகல் என்பதிலிருந்து நீட்டிப்புக்கு மாற்றினேன். டிஸ்ப்ளே அமைப்புக்குள் போய் இரண்டிலும் 3,840-க்கு 2,160 இருக்கிறதா, அட்வான்ஸ்டு பக்கத்தில் 60 ஹெர்ட்ஸ் இருக்கிறதா என்று பார்த்தேன். ஒன்றில் 60, இன்னொன்றில் 30. கேபிளை மாற்றிப் பார்த்தாலும் அதேதான். கடைசியில் குற்றவாளி திரைக்குள்ளேயே இருந்தது. சில திரைகளின் சொந்த மெனுவில் டிஸ்ப்ளேபோர்ட்டின் வகையைத் தேர்ந்தெடுக்கும் இடம் ஒன்று உண்டு, அதில் பழைய 1.1 போட்டிருந்தது. 1.2-க்கு மாற்றியதும் 60 வந்தது.

எழுத்துகள் எறும்பு போலத் தெரிந்தன. 27 இஞ்சுக்குள் 82 லட்சம் புள்ளி என்றால் ஒவ்வொன்றும் அவ்வளவு சின்னது. அதற்காகப் புள்ளி எண்ணிக்கையைக் குறைக்கக் கூடாது, குறைத்தால் 4கே வாங்கியதே வீண். ஸ்கேல் என்ற இடத்தில் 150 சதவீதம் வைத்தேன். மாமா கண்ணாடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு 175 கேட்டார். ஒவ்வொரு திரைக்கும் தனித்தனியாக இப்படி வைக்கும் வசதி விண்டோஸ் 8.1-இலிருந்துதான் வந்தது. இன்னும் விண்டோஸ் 7-ஐக் கட்டிக்கொண்டு இருப்பவர்களுக்கு எல்லாத் திரைக்கும் ஒரே அளவுதான்.

பழைய 19 இஞ்சை என்ன செய்வது என்று மாமாவுக்கு மனசு கேட்கவில்லை. விண்டோஸ் தொடங்கும் முன்பே திறக்கும் அமைப்புப் பக்கமான பயாஸுக்குள் போய், கார்டு இருந்தாலும் மதர்போர்டின் கிராபிக்ஸும் விழித்திருக்கச் சொல்லும் அமைப்பைத் தேடிப் பிடித்தேன். ஐ.ஜி.பி.யு. மல்டி மானிட்டர் என்ற பெயரில் இருந்தது. அதை இயக்கியதும் வி.ஜி.ஏ. துளை உயிர்பெற்றது. கார்டின் திரைகள் கார்டின் கணக்கில், இது மதர்போர்டின் கணக்கில் என்பதால் எச்81-இன் இரண்டு திரை வரம்பு குறுக்கே வரவில்லை. இப்போது அந்தப் பழைய திரையில் குடோன் கேமரா ஓடுகிறது. நான் கிளம்பும்போது மாமா அதையே பார்த்துக்கொண்டிருந்தார், மூட்டைக்கு மேல் ஒரு பூனை தூங்கிக்கொண்டிருந்தது.